மாமரத்துக்குள் என்ன நடக்கிறது? தண்டுத் துளைப்பான் புழுவைப் பார்க்க, கேட்க, கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்திலிருந்து பரதராமி போகும் வழியில் இருக்கிறது எங்கள் மாந்தோப்பு. அங்கே இரவுக் காவல் இருக்கும் பெரியவர் ஒரு மார்ச் மாதக் காலையில் என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, கெழக்கு ஓரம் கீதே அந்த பெங்களூரா மரம், அதுக்குள்ள இன்னாவோ கீதுப்பா. அதுங்கீழ கட்டிலைப் போட்டுப் படுத்தா ராவெல்லாம் கறுக்கு கறுக்குனு சத்தம் வருது."

அன்று இரவு பத்து மணிக்குமேல் போய் மரத்தில் காதை வைத்தேன். வாயை மூடிக்கொண்டு யாரோ முறுக்கை மெல்லுவது போன்ற சத்தம். நான்கைந்து கடி, கொஞ்சம் அமைதி, மறுபடி கடி. வெளியே பார்த்தால் மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பச்சையாக நின்றது, பிஞ்சும் பிடித்திருந்தது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த கோடைக்குள் அதன் பெரிய கிளை ஒன்று இலையோடு காய்ந்து போனது. அதன் பிறகுதான் மரத்துக்குள் இருக்கும் வண்டைப் படிக்கத் தொடங்கினேன். அப்போதிருந்து தோப்பில் செய்துவரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளி அறிவியல் மன்றத்துப் பிள்ளைகளுக்கும், வேளாண்மை படிக்கும் மாணவர்களுக்கும், தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் இது போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். பெரும்பாலானவர்கள் மரத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணுகிறார்கள். ஓட்டை என்பது பழைய கதை. போன வருடத்து ஓட்டையும் அப்படியே இருக்கும், ஐந்து வருடத்துக்கு முந்தையதும் அப்படியே இருக்கும். இன்று உள்ளே புழு உயிரோடு தின்கிறதா என்பதைப் புதிதாக விழும் தூளும் உள்ளிருந்து வரும் சத்தமும்தான் சொல்லும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டையும் ஒழுங்காகப் பதிவு செய்வது பற்றியதுதான்.

நாம் தேடும் ஆள் யார்

நம் பகுதி மாமரத்தை அதிகம் கெடுப்பது பட்டோசெரா ரூபோமாக்குலேட்டா என்ற நீள்கொம்பு வண்டு. விவசாயிகள் தண்டுத் துளைப்பான் என்றே சொல்கிறார்கள். வண்டு பெரியது, 3.5 முதல் 5.5 சென்டிமீட்டர் நீளம். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். கழுத்துப் பகுதியில் இரண்டு இளஞ்சிவப்புப் புள்ளிகளும் பக்கத்துக்கு ஒரு முள்ளும் இருக்கும். உடம்பைவிட நீளமான உணர்கொம்புகள். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

ஆனால் மரத்தைக் கெடுப்பது புழுப் பருவம். பெண் வண்டு பட்டையைத் தன் தாடையால் கீறி, அந்தக் கீறலிலோ வெடிப்பிலோ முட்டையை ஒவ்வொன்றாக வைக்கும். ஒன்று, ஒன்றரை வாரத்தில் முட்டை பொரியும். புழு முதலில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் ஈரமான தோலைத் தின்னும், பெருத்த பிறகு கட்டைக்குள் இறங்கும். முழு வளர்ச்சியில் 9, 10 சென்டிமீட்டர் வரை வரும். வெளுத்த மஞ்சள் உடம்பு, கரும்பழுப்புத் தலை, கால் கிடையாது. அப்புறம் கட்டைக்குள்ளேயே ஒரு அறை செய்து கூட்டுப்புழுவாகி, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் வண்டாக வெளியே வரும். பொதுவாக வருடத்துக்கு ஒரு தலைமுறை.

மரத்துக்குச் சாவு வருவது கட்டையில் துளை விழுவதால் மட்டுமல்ல. பட்டைக்கு உட்புறம் புழு சுற்றிவந்து தின்றுவிட்டால் இலை தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழி அறுந்துபோகிறது. வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் துளை இருந்தாலும் மரம் பல வருடம் நிற்கும். பட்டையடியில் ஒரு சுற்று போனால் நிற்காது. அதனால் தூள் எந்த உயரத்தில், மரத்தின் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பது முக்கியம்.

ஐரோப்பாவில் ஓக் மரத்துக்கும் இப்படி ஆட்கள் உண்டு. செராம்பிக்ஸ் செர்டோ என்ற பெரிய நீள்கொம்பு வண்டின் புழு, உயிருள்ள முதிய ஓக் மரத்துக்குள் மூன்று முதல் ஐந்து வருடம் இருக்கும். அந்த வண்டு அங்கே சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிரினம். மரத்தை வெட்டிப் பார்க்கவும் முடியாது, புழுவைத் தோண்டி எடுக்கவும் முடியாது. வெளியிலிருந்தே தூள், துளை, சத்தம் இவற்றை வைத்துப் படிக்க வேண்டிய நிலை. பழைய ஓக் உத்திரங்களில் வாழும் இன்னொரு வண்டு தன் தலையால் மரத்தைத் தட்டித் துணையைக் கூப்பிடும். இரவு அமைதியில் அந்தத் தட்டலைக் கேட்ட மக்கள் அதைச் சாவுக்கு அறிகுறி என்று நம்பினார்கள். ஓக் நம் ஊர் மரம் அல்ல. ஆனால் மரத்தை வெட்டாமல் அதன் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளும் முறை மாமரத்துக்கும் அப்படியே பொருந்தும்.

எப்போது, எந்த மரங்கள்

ஜூன், ஜூலையில் தொடங்குவது நல்லது. வண்டு வெளிவருவதையும் பார்க்கலாம், புதுப்புழு முதல் தூள் தள்ளுவதையும் பிடிக்கலாம். பனிக்காலத்தில் ஆரம்பித்தாலும் தப்பில்லை. அப்போது புழு பெருத்திருக்கும், சத்தம் தெளிவாகக் கேட்கும்.

இருபது மரம் எடுங்கள். தாக்குதல் தெரியும் மரங்களை மட்டும் எடுக்காதீர்கள். பாதி நல்ல மரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. பெங்களூரா, பங்கனப்பள்ளி, நீலம், ருமானி என்று ரகம் கலந்து இருந்தால் இன்னும் நல்லது. நீலம் இந்தப் புழுவைக் கொஞ்சம் தாங்கும் ரகம் என்று வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. உங்கள் தோப்பில் அப்படித்தானா என்று பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி.

ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்ட்டில் எண் எழுதுங்கள். ஆணி அடித்துத் தகடு மாட்ட வேண்டாம், புண்ணை நாமே உண்டாக்கக் கூடாது. நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், அடிமரச் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதுங்கள். மரத்தின் வயது, கடைசியாகக் கவாத்து செய்த வருடம், டிராக்டர் உழும்போது பட்ட காயம், பக்கத்தில் இலவமரமோ அத்தி இனமோ இருக்கிறதா என்பதெல்லாம் பதிவாக வேண்டும். இந்த வண்டு மாவோடு நிற்பதில்லை. இலவம், அத்தி, பலா என்று பல மரங்களில் வளரும்.

ஜவ்வாது மலை, ஏலகிரிப் பக்கம் காப்புக்காட்டில் உள்ள மரங்களில் இதைச் செய்ய நினைப்பவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. அதிலும் சந்தன மரம் நிற்கும் இடத்தில் டார்ச்சும் பையுமாக இரவில் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கையில் என்ன வேண்டும்

நல்ல டார்ச், தேங்காய் நார் பிரஷ், சாக்பீஸ், பழைய வெள்ளை வேட்டித் துணி, ஜிப் வைத்த சின்னக் கவர்கள், ஸ்கேல், 0.1 கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு, வெப்பமானி, நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பனியில் மை ஊறிவிடும். ஒரு பழைய சைக்கிள் ஸ்போக்.

கேட்பதற்கு முதலில் ஒரு ஸ்டெதாஸ்கோப் போதும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி மருத்துவக் கருவி விற்கும் கடைகள் உள்ள ஊர் நம்முடையது, சாதாரண ரகம் ஒன்று வாங்கினால் போதும். பதிவு செய்ய வேண்டுமானால், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகடு தேவை. வாழ்த்து அட்டையிலும் பஸ்ஸரிலும் இருக்குமே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பித்தளை வட்டு, அதுதான். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்.

முதல் படி: மரத்தைச் சுற்றிப் பார்ப்பது

வேர் மண்ணுக்குள் போகும் இடத்திலிருந்து தொடங்கி மெதுவாக மேலே வாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் சரியானது, பட்டையின் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். கீழ் மூன்று அடியிலும் பெரிய கிளை பிரியும் கவட்டையிலும் கூடுதல் நேரம் செலவிடுங்கள்.

இந்தப் புழு தள்ளும் தூளை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பம் வராது. பெயரில்தான் தூள். கையில் எடுத்தால் இழைப்புளியில் உதிரும் சுருளைப் பொடியாக நறுக்கியது போல நார்நாராக இருக்கும். நடுநடுவே கெட்டியான சின்ன உருண்டைகள், அவை புழுவின் எச்சம். புதியதாக இருந்தால் விரலில் ஈரம் ஒட்டும், வெளிர் செம்பழுப்பு நிறம், மூக்கருகில் கொண்டுபோனால் லேசாகப் புளித்த மரப்பால் வாசம். மூன்று நான்கு நாள் ஆனதும் கறுத்து, காய்ந்து, மேலே ஓடு கட்டிவிடும். மழை பட்டால் பட்டையில் கறையாக வழிந்து நிற்கும். துளையைச் சுற்றிப் பிசின் வடிவதும் உண்டு.

இதோடு குழம்பக்கூடிய மற்ற ஆட்கள் உண்டு. பட்டை மேல் நூலாம்படை போலப் பட்டிழையும் எச்சமும் கலந்து நீளப் பட்டையாக ஓடினால், அது பட்டை தின்னும் புழு. அது அந்துப்பூச்சியின் குழந்தை, வண்டு அல்ல. பட்டை மேல் மண் தடம் ஓடினால் கரையான். பென்சில் முனை அளவுக்குச் சின்னத் துளையிலிருந்து பல்குச்சி போலத் தூள் நீட்டிக்கொண்டு நின்றால் அது குண்டூசித் தலை அளவே உள்ள வேறு வண்டு இனம். காய்ந்த கட்டையிலிருந்து டால்கம் பவுடர் போல மாவாகக் கொட்டினால் உளுவண்டு. அது உயிருள்ள மரத்தைத் தொடாது.

துளையிலும் இரண்டு வகை இருக்கிறது. புழு கழிவைத் தள்ளும் துளை ஒழுங்கற்று, ஈரமாக, தூள் அடைத்து இருக்கும். வண்டு வெளியேறிய துளை கட்டைவிரல் நுழையும் அளவில், ஓரம் சுத்தமாக, வெட்டியெடுத்தது போல் வட்டமாக இருக்கும், அங்கே தூள் வராது. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஓக் மரத்தில் அக்ரிலஸ் என்ற மின்னும் வண்டு வெளியேறும் துளை ஆங்கில டி எழுத்து வடிவத்தில் இருக்கும். எந்த வண்டு என்று அந்தத் துளையின் வடிவமே சொல்லிவிடும்.

இரண்டாம் படி: தூளை நிறுப்பது

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் அதிகம் சொல்லித்தருவது இதுதான். செலவும் இல்லை.

தூள் வரும் ஒவ்வொரு இடத்தையும் பிரஷ்ஷால் சுத்தமாகத் துடையுங்கள். ஒரு துரும்பு கூட மிச்சம் இருக்கக் கூடாது. துளையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு எண் கொடுங்கள், 7-அ, 7-ஆ என்று. அடியில் வெள்ளைத் துணியை மரத்தோடு ஒட்டி விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். நேரத்தை எழுதுங்கள். சரியாக 48 மணி நேரம் கழித்து வந்து, துணியில் விழுந்ததையும் துளை வாயில் நிற்பதையும் கவரில் சேகரியுங்கள். கவர் மேல் மர எண், துளை எண், தேதி.

வீட்டில் செய்தித்தாளில் பரப்பி நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, பிறகு நிறுங்கள். ஈரத்தோடு நிறுத்தால் எடை ஏமாற்றும், மழைநாள் தூளும் வெயில்நாள் தூளும் ஒப்பிட முடியாது. இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே மரங்களில், அதே துளைகளில் செய்யுங்கள். காற்று பலமாக அடித்த நாளையும் மழை பெய்த நாளையும் கணக்கிலிருந்து விலக்கி, அப்படி விலக்கியதையும் நோட்டில் எழுதுங்கள்.

சில மாதத்தில் ஒரு கோடு தெரியும். ஆரம்பத்தில் ஊசியால் எடுக்கும் அளவு, பிறகு ஏறிக்கொண்டே போகும், ஒருநாள் திடீரென்று நின்றுவிடும். நின்றால் புழு செத்துவிட்டது என்று துள்ளாதீர்கள். கூட்டுப்புழு ஆகியிருக்கலாம், அல்லது வேறு இடத்தில் புதுத் துளை போட்டுக் கழிவைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் மரத்தை முழுவதும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஒரே துளையில் கிடைத்த தூளில் மெல்லிய நாரும் தடித்த நாரும் கலந்து வந்தால் கவனியுங்கள். தாடை பெருக்கப் பெருக்கக் கடியும் பெரிதாகும். இரண்டு அளவு நார் வந்தால் உள்ளே இரண்டு வயதுப் புழுக்கள் இருக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாம் படி: கேட்பது

இரவு பத்து மணிக்குமேல், காற்று அடங்கிய பிறகு தொடங்குங்கள். மோட்டார் ஓடும் நேரம் வேண்டாம். இலை அசையாத இரவுதான் கேட்பதற்கு நல்ல நேரம்.

மரத்தருகே போய் உடனே காதை வைக்காதீர்கள். காலடி அதிர்வும் கை பட்ட அதிர்வும் மரத்துக்குள் போகும், புழு கடிப்பதை நிறுத்திவிடும். கருவியைப் பொருத்திவிட்டு கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். பிறகு பத்து நிமிடம் கேட்டு, ஒவ்வொரு நிமிடத்துக்கும் எத்தனை கடித்தொடர் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு சத்தத்தையும் எண்ண முயன்றால் தவறிவிடும், இடைவெளி விட்டு வரும் தொடர்களை எண்ணுவது எளிது. அந்த நேரத்து வெப்பநிலையும் எழுத வேண்டும். பூச்சியின் உடம்பு சூட்டுக்குத் தக்கபடி வேகமாகவோ மெதுவாகவோ இயங்கும். டிசம்பர் இரவில் குறைவாகக் கேட்டதை ஏப்ரல் இரவோடு அப்படியே ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

சத்தம் கட்டைக்குள் தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். ஒரு மரத்தில் ஒரே இடத்தில் கேட்டுவிட்டு இல்லை என்று எழுதக் கூடாது. தரையிலிருந்து ஒரு அடி, மூன்று அடி, ஐந்து அடி உயரங்களில், நான்கு திசையிலும், மொத்தம் பன்னிரண்டு இடத்தில் கேளுங்கள். சத்தம் அதிகமாகக் கேட்ட இடத்தைச் சாக்பீஸால் குறித்து அதைச் சுற்றி ஒரு சாண் ஒரு சாணாக நகர்ந்தால், புழு இருக்கும் இடத்தைக் கிட்டத்தட்டக் கை வைத்துக் காட்டிவிடலாம். எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும் நேரம் அதுதான். விரலுக்கு அடியில், இரண்டு அங்குல ஆழத்தில், ஒரு உயிர் மரத்தைக் கடித்துக்கொண்டிருப்பது தெரியும்.

பதிவு செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பீசோ தகட்டில் ஷீல்டு வயரை ஈயப் பற்று வைத்து, ரெக்கார்டரின் மைக் துளைக்கான பின்னில் சேருங்கள். செல்போனில் என்றால் ஓ.டி.ஜி. வழியாகச் செருகும் சின்ன சவுண்ட் கார்டு தேவைப்படும். தகட்டை மரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும், இடையில் காற்று இருந்தால் ஒன்றும் வராது. பட்டையின் செத்த மேற்செதிலை மட்டும் கத்தியால் மட்டமாக்கி, கண்ணாடி பதிக்கும் புட்டியைக் கொஞ்சம் வைத்துத் தகட்டை ஒட்டி, மேலே சைக்கிள் ட்யூப்பால் இறுக்கிக் கட்டுங்கள். ஆராய்ச்சி செய்பவர்கள் கட்டைக்குள் ஸ்க்ரூ முடுக்கி அதன் தலையில் தகட்டை வைப்பதுண்டு, சத்தம் இன்னும் தெளிவாக வரும். வெட்டப்போகும் மரத்தில் அப்படிச் செய்யலாம், காய்க்கும் மரத்தில் வேண்டாம்.

செல்போனின் ரெக்கார்டர் ஆப் பல நேரம் இரைச்சலைத் தானே குறைக்கும். அதற்கு நம் புழுவின் கடியும் இரைச்சல்தான், அதையும் அழித்துவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டு, வேவ் வடிவில் பதிவாகும் ஆப்பைப் பயன்படுத்துங்கள்.

வீட்டுக்கு வந்து ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டுங்கள். காற்றும் மோட்டார் ரீங்காரமும் போய்விடும். சத்தத்தைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால் புழுவின் கடி, கீழிருந்து மேல்வரை நிற்கும் மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். ஒரு கோடு சில மில்லி விநாடிதான் இருக்கும், பல கோடுகள் கொத்தாக வரும். சில்வண்டு ஒரே உயரத்தில் கிடைக்கோடாக ஓடும். இலை விழுந்தால் தனியாக ஒரு கோடு, அதற்குப் பின் ஒன்றும் இருக்காது.

எறும்பு விஷயத்தில் கண்டிப்பாகக் கவனம் வேண்டும். முதல் வருடம் ஒரு மரத்தில் இரவு முழுவதும் சத்தம் பதிவானது. தோப்பிலேயே மோசமான மரம் அதுதான் என்று எழுதிவைத்தேன். அடுத்த வாரம் டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டெறும்புச் சாரை ஒன்று தகட்டின் மேலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரப் பதிவை நீக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பதிவுக்கு முன்னும் பின்னும் தகட்டைச் சுற்றி ஒரு அடிக்கு எறும்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன். எறும்பு நடையில் சத்தம் இடைவிடாமல் மெல்லியதாகச் சலசலக்கும், புழுவின் கடி தொடராக வந்து நிற்கும். பழகினால் காதே பிரித்துவிடும்.

ஒவ்வொரு இரவும் நல்ல மரம் ஒன்றிலும், முழுக்கக் காய்ந்த கட்டை ஒன்றிலும் அதே பத்து நிமிடம் பதிவு எடுங்கள். அங்கேயும் அதே எண்ணிக்கை வந்தால் நீங்கள் கேட்டது புழு அல்ல.

நான்காம் படி: கட்டையைப் பிளந்து சரிபார்ப்பது

வெளியிலிருந்து ஊகித்தது சரியா என்று எப்போதாவது உள்ளே பார்த்துத்தான் ஆக வேண்டும். இதற்காக மரத்தை வெட்ட வேண்டாம். கவாத்தில் கழிக்கும் கிளை, காய்ந்துபோன மரம், சாமில்லுக்குப் போகும் கட்டை என்று வருடத்தில் ஏதாவது கிடைக்கும். வெட்டுவதற்கு முந்தைய இரவு கேட்டு, புழு இருக்கும் இடம் என்று நினைப்பதைக் குறித்துவிடுங்கள்.

பட்டையை முதலில் உளியால் உரியுங்கள், அகலமான தாறுமாறான வழிகள் தெரியும். தூள் கெட்டியாக அடைத்திருக்கும். அந்த வழிகளை டிரேசிங் பேப்பரில் வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் ஆப்பு வைத்துக் கட்டையைப் பிளக்க வேண்டும். ரம்பம் போட்டால் புழுவும் சேர்ந்து அறுபடும். சுரங்கத்தின் நீளத்தை நூல் வைத்து வளைவுக்கு வளைவு அளந்து, அகலத்தை ஸ்கேலால் எடுங்கள். புழு கிடைத்தால் நீளத்தோடு தலையின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். உடம்பு சுருங்கி நீளும், தலை ஓடு அப்படி மாறாது. அது தோலுரிக்கும்போது மட்டும்தான் பெரிதாகும், அதனால் வயதைச் சொல்ல அதுவே நம்பகமான அளவு.

புழுவைப் பாதுகாக்க நினைத்தால், கொதி அடங்கிய வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள். நேராக ஆல்கஹாலில் போட்டால் சில நாளில் கறுத்துவிடும். உள்ளே இடம், தேதி, மர எண் எழுதிய பென்சில் சீட்டு ஒன்று கட்டாயம். சீட்டு இல்லாத பாட்டில் ஒன்றுக்கும் உதவாது.

ஐந்தாம் படி: வண்டைச் சந்திப்பது

புழு உள்ள கட்டைத் துண்டுகளைக் கம்பி வலைக் கூண்டில் நிழலில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கொசுவலை போதாது, கடித்துக்கொண்டு போய்விடும். எந்தத் தேதியில் எத்தனை வண்டு வந்தது, அன்று மழையா என்பதுதான் தேவை. கோடை மழைக்குப் பிறகு தினமும் பாருங்கள். கூண்டு தோப்புக்குள் இருக்கக் கூடாது, வேலை முடிந்ததும் கட்டையை எரித்துவிட வேண்டும்.

வெளிவந்த வண்டை இரண்டு விரலால் கழுத்துப் பகுதியில் பிடித்தால் கிரீச் கிரீச் என்று கத்தும். வாயால் வருவது அல்ல அது. கழுத்துப் பகுதியைப் பின்பகுதியோடு உரசி எழுப்பும் சத்தம். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள், தாடையிலிருந்து விரலை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தோப்பு ஓரத்தில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்தும் பார்க்கலாம். இந்த வண்டு இரவில் நடமாடும், வெளிச்சத்துக்கு வரும். இளங்கிளைப் பட்டையைக் கடித்த தடமும் அந்த நாட்களில் தெரியும்.

நோட்டு

மர எண், தேதி, நேரம், வெப்பநிலை, வானிலை, தூள் வரும் துளைகள், உலர்ந்த எடை, நிமிடத்துக்குக் கடித்தொடர், எறும்பு உண்டா இல்லையா, பார்த்தவர் பெயர். இவ்வளவு கட்டங்கள் போதும். எண்ணுவதை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து ஒப்பிடுங்கள். இரண்டாவது ஆளுக்கு எது தாக்கிய மரம் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது, சொன்னால் காது தானாகவே கேட்டுவிடும். 'ஒன்றும் இல்லை' என்பதையும் பூஜ்யம் போட்டு எழுதுங்கள். வெற்றுக் கட்டம் விட்டால், பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்று ஆறு மாதம் கழித்துத் தெரியாது.

படித்த பிறகு மரத்துக்கு

நம் மரமாக இருந்தால் கடைசியில் காப்பாற்றத்தான் வேண்டும். ஸ்போக்கின் முனையைக் கொக்கியாக வளைத்து, தூள் வரும் துளையில் மெதுவாகச் செலுத்துங்கள். சுரங்கம் வளைந்து போகும், முரட்டுத்தனமாகக் குத்தினால் மரத்துக்குத்தான் காயம். கொக்கி மெத்தென்று எதையாவது தொட்டால் சுழற்றி இழுங்கள். புழு முழுதாக வராது, ஸ்போக்கில் வெள்ளைச் சாறு ஒட்டியிருந்தால் வேலை முடிந்தது. அப்புறம் களிமண்ணால் துளையை அடையுங்கள்.

தளர்ந்த பட்டையைச் சுரண்டிவிட்டு, அடிமரத்தில் மூன்று அடி வரை ஒரு பங்கு தாருக்கு இரண்டு பங்கு மண்ணெண்ணெய் கலந்து பூசினால் வண்டு முட்டை வைப்பதைத் தடுக்கலாம். இது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. காய்ந்த கிளையை வெட்டித் தோப்பு ஓரத்தில் அடுக்கி வைக்காமல் உடனே எரித்துவிடுங்கள், உள்ளே இருக்கும் புழு கட்டையிலேயே வளர்ந்து வண்டாகிவிடும்.

மருந்து ஊற்றும் யோசனை வந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டுச் செய்யுங்கள். முன்பு பரிந்துரைத்த மருந்துகளில் சிலவற்றுக்கு இப்போது தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது. கடையில் யாரோ கொடுத்தார் என்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துளையில் வைக்கவே வேண்டாம். ஈரம் பட்டதும் அது விடும் வாயு மனிதனைக் கொல்லும், அந்த மரத்தடியில்தான் நம் காவல்காரர் கட்டில் போட்டுப் படுக்கிறார்.

மண் பூசிய இடத்தைப் பத்து நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். பூச்சு அப்படியே இருந்தால் அன்று இரவு அதே சாக்பீஸ் குறியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பத்து நிமிடம் கேளுங்கள். பூச்சு வெடித்து, நடுவில் ஈரமான நார் எட்டிப் பார்த்தால் உள்ளே இன்னொன்று இருக்கிறது. ஸ்போக்கை எடுங்கள், நோட்டில் அந்தத் துளைக்குப் புதுத் தேதி போடுங்கள்.